நியூமோவின் பூர்வீகம்

மருத்துவக் கலைச்சொல் அகராதி எதைப் புரட்டினாலும் 'நியூமோ' என்ற முன்னொட்டுக்கு இரண்டு பொருள் போட்டிருப்பார்கள்: காற்று; நுரையீரல். நடுவில் ஓர் அரைப்புள்ளி. பெரும்பாலோர் அதைத் தாண்டிப் போய்விடுவார்கள். நான் அந்த இடத்தில் நின்றுவிட்டேன்.

நியூமோனியா என்றால் நுரையீரல் அழற்சி. நியூமோகாக்கஸ், அந்த அழற்சியை உண்டாக்கும் கிருமிகளில் முக்கியமானது. நியூமோனெக்டமி, ஒரு பக்க நுரையீரலை முழுதாக எடுத்துவிடும் அறுவை. இந்த மூன்றிலும் நியூமோ என்பது நுரையீரல்தான். நியூமோதொராக்ஸ் அப்படியில்லை. மார்புக்கூட்டுக்குள், நுரையீரலுக்கு வெளியே காற்று புகுந்து நுரையீரலைச் சுருங்க வைப்பது அது. நியூமோபெரிட்டோனியம் என்றால் வயிற்றறைக்குள் காற்று. லேப்ராஸ்கோப்பி அறுவைக்கு முன்பு கரியமில வாயுவை ஏற்றி வயிற்றை உப்ப வைக்கிறார்களே, அந்த நிலை. இங்கே நுரையீரலுக்கு வேலையே கிடையாது.

ஒரே எழுத்துக்கூட்டு, ஒரே உச்சரிப்பு, இரண்டு பொருள். ஒரு வேர் இரண்டாகக் கிளைத்ததா, அல்லது இரண்டு வேர்கள் எங்கோ ஓரிடத்தில் பின்னிக்கொண்டனவா? பின்னிக்கொண்டன என்றால் எப்போது, யார் கையால்? இதைத் தெரிந்துகொள்ள அகராதியை மட்டும் நம்பிப் பயனில்லை. அகராதி முடிவைச் சொல்லும், வழக்கின் கட்டைக் காட்டாது. சொல் முதன்முதலாக அச்சேறிய ஏட்டைத் தேடிப் போக வேண்டும். இப்போது பெரிய நூலகங்கள் பழைய ஏடுகளை எண்மப்படுத்தி வைத்திருப்பதால் வீட்டு மேசையிலிருந்தே நெடுந்தூரம் போக முடிகிறது. நமக்கு அருகிலிருக்கும் 19ஆம் நூற்றாண்டிலிருந்து தொடங்கிப் பின்னோக்கிப் போனேன்.

முதல் தடயம் பாரிஸில் கிடைத்தது. 1803ஆம் ஆண்டு. எழுதியவர் ழான் மார்க் காஸ்பார் இத்தார். இந்தப் பெயரைக் கல்வித்துறையினர் அறிவார்கள். தெற்கு பிரான்ஸின் காட்டில் பிடிபட்ட விக்தோர் என்ற சிறுவனுக்கு ஆண்டுக்கணக்கில் பேச்சும் பழக்கமும் கற்றுக்கொடுக்க முயன்றவர் இவர்தான். அந்த வேலையில் இருந்த காலத்திலேயே மருத்துவப் பட்டத்துக்கு ஓர் ஆய்வேடு அளித்தார். அதன் தலைப்புப் பக்கத்தில் 'நியூமோ', 'தொராக்ஸ்' என்ற இரண்டையும் நடுவில் சிறுகோடு போட்டு இணைத்திருக்கிறார். தலைப்பு அதோடு முடியவில்லை. 'அல்லது' என்று தொடர்ந்து, மார்புக்குள் உண்டாகும் வாயுத் தேக்கங்கள் என்ற விளக்கத்தையும் சேர்த்துக்கொள்கிறது. அந்த விளக்கம்தான் எனக்குத் தேவைப்பட்ட சாட்சி. இத்தாரின் மனத்தில் நியூமோ என்றால் வாயு.

வாயு, மூச்சு, காற்று வீச்சு எல்லாவற்றுக்கும் கிரேக்கத்தில் 'ப்நெயுமா' என்று ஒரு சொல் உண்டு. முதலில் நிற்கும் 'ப்' கிரேக்கர் வாயில் ஒலித்தது, ஆங்கிலத்தார் வாயில் மறைந்துவிட்டது. இந்தச் சொல் வேற்றுமை ஏற்கும்போது 'ப்நெயுமாட்' என்று அடி நீளும். ஆகவே இலக்கணப்படி இத்தார் எழுதியிருக்க வேண்டியது நியூமட்டோதொராக்ஸ். சில பழைய மருத்துவ அகராதிகளில் அந்த நீண்ட வடிவமும் இருக்கிறது. சிறுநீரோடு வாயு பிரிவதைக் குறிக்கும் நியூமட்டூரியாவில் அந்த முழு அடி இன்றைக்கும் தங்கியிருக்கிறது. காற்றழுத்தத்தால் இயங்கும் பொறிகளைச் சொல்லும் நியூமேட்டிக் என்ற சொல்லிலும் அப்படியே. பிச்சாவரத்துச் சேற்றில் பென்சில் முனைகளைப்போல நட்டுக்க நிற்கும் வெண்கண்டல் மரத்தின் மூச்சு வேர்களைத் தாவரவியலார் நியூமட்டோஃபோர் என்கிறார்கள். அங்கும் 'ட்' போகவில்லை. நியூமோதொராக்ஸிலோ போய்விட்டது. 1819இல் லென்னெக் தம் ஸ்டெத்தாஸ்கோப் நூலில் இந்த நோயின் அறிகுறிகளை விரிவாக எழுதினார். அதன் பிறகு குறுகிய வடிவமே உலகமெங்கும் ஊன்றிவிட்டது.

காற்று வழி வந்த நியூமோவின் கதை இவ்வளவுதான். நுரையீரல் வழி வந்த நியூமோவை எர்லாங்கன் பல்கலைக்கழகத்தில் கண்டேன். அங்கே நோய்க்கூறியல் பேராசிரியராக இருந்தவர் ஃபிரீட்ரிக் ஆல்பர்ட் ஸெங்கர். 1867இல் ஜெர்மானிய மருத்துவ இதழொன்றில் தூசியை உள்ளிழுப்பதால் வரும் நுரையீரல் நோய்கள் பற்றி ஒரு நீண்ட கட்டுரை வெளியிட்டார். அதில் வரும் ஓர் இளம்பெண்ணை இந்தத் தேடலில் என்னால் மறக்க முடியவில்லை. தங்கத்தாள் வைக்கும் சிறு ஏடுகளுக்கான காகிதத்தில் சிவப்பு இரும்புத் துருப்பொடியைத் தேய்ப்பது அவள் வேலை. அவள் இறந்தபின் ஸெங்கர் மார்பைத் திறந்து பார்த்தபோது நுரையீரல் செங்கல் நிறத்தில் இருந்தது. உள்ளே போன தூசி நுரையீரலிலேயே தங்கி நோயாகும் என்பதை அந்தக் காலத்து மருத்துவர் பலர் ஒப்புக்கொள்ளத் தயங்கினார்கள். அந்தத் தயக்கத்துக்கு ஸெங்கர் தந்த பதில் அந்த நுரையீரல்.

தூசியால் வரும் நுரையீரல் நோய்கள் அனைத்துக்கும் பொதுவாக அவர் ஒரு பெயர் வைத்தார்: நியூமோனோகோனியோசிஸ். நுரையீரலுக்குக் கிரேக்கத்தில் 'ப்நெயுமோன்', தூசிக்கு 'கோனிஸ்'. ஸெங்கர் கிரேக்கம் ஒழுங்காகப் படித்தவர். 'நோ' என்ற அசையை விடாமல் எழுதினார். அந்த அசை இருந்தவரை அந்தச் சொல் நுரையீரலைச் சொல்கிறது என்பதில் குழப்பமே இல்லை.

1874இல் அசை போயிற்று. நியூமோகோனியோசிஸ் என்ற சுருங்கிய வடிவத்தைக் கொண்டுவந்தவர் பாரிஸின் சுகாதாரப் பேராசிரியர் அத்ரியான் ப்ரூஸ்த். காலராவைத் தடுக்க ஐரோப்பாவின் எல்லைகளில் காவல் வளையம் அமைக்க வேண்டும் என்று வாழ்நாளெல்லாம் போராடியவர். நாவலாசிரியர் மார்செல் ப்ரூஸ்தின் தந்தை. மகனோ ஒன்பது வயதிலிருந்து ஆஸ்துமாவோடு வாழ்ந்து 1922இல் நியூமோனியாவில் இறந்தார். இது என் கேள்விக்குத் தொடர்பில்லாத செய்தி. ஆனாலும் இந்த ஏடுகளில் அந்தத் தந்தையின் பெயரைக் காணும்போதெல்லாம் அந்த வீட்டில் இரவுகளில் கேட்டிருக்கக்கூடிய இளைப்பு நினைவுக்கு வரத்தான் செய்கிறது.

ஆக, 19ஆம் நூற்றாண்டு மட்டத்தில் வழக்கு ஓரளவு தெளிந்துவிட்டது. நியூமட்டோ என்ற அடி ஒரு பக்கம் வெட்டுப்பட்டு நியூமோ ஆனது. நியூமோனோ என்ற அடி இன்னொரு பக்கம் வெட்டுப்பட்டு அதே நியூமோ ஆனது. வெட்டியபின் இரண்டுக்கும் அடையாளம் தெரியாமல் போயிற்று. ஆங்கிலத்தின் மிக நீண்ட சொல் என்று வினாடிவினாக்களில் கேட்பார்களே, 45 எழுத்துள்ள அந்த எரிமலைத் தூசி நோயின் பெயர், அதில் மட்டும் ஸெங்கரின் 'நோ' பத்திரமாக இருக்கிறது. அமெரிக்கப் புதிர்க்காரர் கழகத்தின் தலைவர் எவரெட் ஸ்மித் 1935இல் கட்டிய சொல் அது. பிப்ரவரி 23ஆம் தேதி நியூயார்க் ஹெரால்டு டிரிப்யூன் அதைச் செய்தியாக்கியது. அந்தச் சொல் விளையாட்டாகப் புழங்கத் தொடங்கியபோது, மேற்கு வர்ஜீனியாவின் ஹாக்ஸ் நெஸ்ட் சுரங்கவழியில் 1930, 31ஆம் ஆண்டுகளில் சிலிக்காப் பாறையைக் குடைந்த தொழிலாளர்கள் நூற்றுக்கணக்கில் செத்துக்கொண்டிருந்தார்கள். பெரும்பாலோர் கறுப்பின மக்கள். 1936இல்தான் அமெரிக்க நாடாளுமன்றக் குழு அதை விசாரித்தது. இப்படிப்பட்ட சொற்களுக்குப் பின்னால் எப்போதும் யாரோ ஒருவரின் நெஞ்சு இருக்கிறது.

இதோடு கட்டை மூடியிருக்கலாம். ஆனால் இன்னொரு கேள்வி பாக்கியிருந்தது. ப்நெயுமா, ப்நெயுமோன் என்ற இரண்டு கிரேக்கச் சொற்களும் பார்வைக்கு உடன்பிறப்புகளாகத்தான் தெரிகின்றன. 'ப்நெயோ' என்றால் ஊதுதல், மூச்சுவிடுதல். அதிலிருந்து மூச்சுக்கு ஒரு சொல், மூச்சு உறுப்புக்கு ஒரு சொல். இயல்பாகத் தோன்றும் விளக்கம் இது. இதற்குப் பெரிய சாட்சியும் உண்டு: அரிஸ்டாட்டில். சுவாசம் பற்றிய தம் சிறு நூலில் அவர், ப்நெயுமாவை ஏற்றுக்கொள்ளும் இடமாக இருப்பதால் நுரையீரல் இந்தப் பெயரைப் பெற்றிருக்கும்போலத் தெரிகிறது என்ற கருத்தைச் சொல்லிச் செல்கிறார். 'போலத் தெரிகிறது' என்ற அந்தத் தயக்கத்தைக் கவனிக்க வேண்டும். அரிஸ்டாட்டில் இட்டுவைத்த அந்தத் தயக்கத்தைப் பின்னால் வந்த பாடநூல்கள் தூக்கி எறிந்துவிட்டன.

எனக்குச் சந்தேகம் வந்தது லத்தீன் வழியாக. லத்தீனில் நுரையீரலுக்கு 'புல்மோ' என்று பெயர். பல்மனரி என்ற சொல் அதன் வாரிசு. கிரேக்கமும் லத்தீனும் ஒரே குடும்பத்து மொழிகள். உடல் உறுப்புகளின் பெயர்கள் இரண்டிலும் பல இடங்களில் ஒத்துப்போகும். புல்மோவும் ப்நெயுமோனும் கிட்டத்தட்ட ஒத்துப்போகின்றன. ஒரே ஒரு மெய் மட்டும் இடிக்கிறது. லத்தீனில் 'ல்', கிரேக்கத்தில் 'ந்'. லத்தீன்காரர் மாற்றினார்களா, கிரேக்கர் மாற்றினார்களா?

பழைய கிரேக்கப் பிரதிகளுக்குள் இறங்கினால் விடை கண்ணில் படுகிறது. சோஃபக்ளீஸின் 'டிராக்கிஸ் நகரப் பெண்கள்' நாடகத்தில், நஞ்சு தோய்ந்த ஆடை உடலோடு ஒட்டிக்கொள்ள ஹெராக்ளீஸ் துடிக்கிறான். அது தன் நுரையீரலின் குழல்களை உறிஞ்சுவதாகக் கதறுகிறான். நல்ல பதிப்புகள் அங்கே நுரையீரலுக்கு அச்சிடும் வடிவம் 'ப்லெயுமோன்'. 'ந்' இல்லை, 'ல்' இருக்கிறது. பிளேட்டோவின் ஃபிலெபஸ் உரையாடலிலும் 'ல்' உள்ள வடிவம் வருகிறது. அறிவும் நினைவும் இல்லாமல் இன்பம் மட்டும் உள்ள வாழ்க்கை மனித வாழ்க்கையாக இருக்காது, ஒரு கடற்பிராணியின் வாழ்க்கையாகவே இருக்கும் என்று சாக்ரட்டீஸ் வாதாடும் இடம் அது. அந்தக் கடற்பிராணியின் பெயர் 'ப்லெயுமோன்', அதாவது நுரையீரல். கரையோர மக்கள் ஜெல்லிமீன் வகைகளை அப்படி அழைத்திருக்கிறார்கள். ஏதென்ஸின் தூய வழக்கைக் காக்க முயன்ற பிற்காலச் சொற்பட்டியல்காரர்களும், அட்டிக் வழக்கு ப்லெயுமோன், பொது வழக்கு ப்நெயுமோன் என்று குறித்து வைத்திருக்கிறார்கள்.

ஹிப்போக்கிரட்டஸ் பெயரில் வழங்கும் மருத்துவ நூல்களில் நியூமோனியாவின் முன்னோடியான நோய்ப்பெயர் வருகிறது. அதை எழுதும்போது பிரதிகள் 'ல்' என்றும் 'ந்' என்றும் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. இந்த நூல்களை 1839 முதல் 1861 வரை பத்துத் தொகுதிகளாகப் பதிப்பித்தவர் எமில் லித்ரே. பாடபேதங்களை அடிக்குறிப்பில் வரிசையாகக் கொடுத்துவிட்டுத்தான் மேலே போவார். பிரெஞ்சு மொழியின் பேரகராதியைத் தொகுத்தவரும் அவரே. 1878இல் 'மைக்ரோப்' என்ற புதுச்சொல்லை அறுவை மருத்துவர் செதியோ முன்வைத்தபோது முதலில் அனுமதி கேட்டு எழுதியது லித்ரேவுக்குத்தான். கிரேக்கச் சொல்லை அறிவியலுக்கு எடுக்கும்போது கிரேக்கம் அறிந்தவரிடம் கேட்கும் பழக்கம் அன்று இருந்தது. அந்தப் பழக்கம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

எதிர்ச்சாட்சி ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். எல்லாவற்றுக்கும் மூத்த இலியட்டின் நான்காம் காண்டத்தில் தோவாஸ் எறிந்த ஈட்டி எதிரியின் நுரையீரலில் போய்க் குத்தி நிற்கும் இடத்தில், அச்சுப் பதிப்புகள் 'ந்' உள்ள வடிவத்தையே கொடுக்கின்றன. காலத்தால் மூத்த நூல் ஒரு பக்கம், பிந்திய நூல்கள் மறுபக்கம். ஆனால் நம் கையில் இருக்கும் இலியட்டின் முழுப் பிரதிகள் கவிஞனின் காலத்துக்கு ஒன்றரை ஆயிரம் ஆண்டுக்குப் பின்பு எழுதப்பட்டவை. பொது வழக்கில் ஊறிய எழுத்தாளன் தனக்குப் பழகிய எழுத்தைப் போடுவது இயற்கை. அதோடு, மூலவடிவம் 'ந்' என்று வைத்துக்கொண்டால், புரியும்படி இருந்த ஒரு சொல்லைச் சிலர் ஏன் புரியாத 'ல்'லுக்கு மாற்றினார்கள் என்பதற்கு விளக்கம் கிடையாது. 'ல்'தான் மூலம் என்றால் விளக்கம் கைமேல் இருக்கிறது. பொருள் மறந்துபோன பழைய பெயரை, தினமும் நாவில் புரளும் 'மூச்சு' என்ற சொல்லுக்கு அருகே மக்கள் இழுத்துக்கொண்டார்கள்.

உறவு மொழிகளும் 'ல்' பக்கமே சாட்சி சொல்கின்றன. லிதுவேனிய, போலிஷ், செக் மொழிகளில் நுரையீரலின் பெயர் 'ப்ல' ஒலியோடு தொடங்குகிறது. வேத மொழியில் 'க்லோமன்' என்று ஓர் உறுப்புப் பெயர் இருக்கிறது. பின்னால் 'ம' என்ற இதழொலி வருவதால் முன்னால் இருந்த 'ப' இதழை விட்டுத் தொண்டைப் பக்கம் போய் 'க' ஆயிற்று என்பது மொழியியலார் தரும் விளக்கம். இந்தக் க்லோமனுக்கு நம் நாட்டில் நேர்ந்த கதி தனிக் கட்டுரைக்கு உரியது. சுசுருதர் இதயத்துக்குக் கீழே இடப்பக்கம் புப்புசம், வலப்பக்கம் க்லோமம் என்று சொல்லிவிட்டுப் போனார். க்லோமம் எந்த உறுப்பு என்று ஆயுர்வேத அறிஞர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். நம் பழைய மருத்துவ ஏடுகளுக்கு வந்து சேர்ந்தது புப்புசம் மட்டுமே.

இந்த 'ப்ல'வின் வேர் எது? கிரேக்கத்தில் 'ப்லெயோ' என்றால் மிதத்தல், கடலில் செல்லுதல். சமஸ்கிருதத்தில் 'ப்லவ' என்றால் மிதப்பது, தெப்பம். அறுபது ஆண்டுகளின் பட்டியலில் நாம் 'பிலவ' என்று சொல்வது இதையே. ஷான்ட்ரேன், பீக்ஸ் ஆகிய இருவரின் கிரேக்க வேர்ச்சொல் அகராதிகளும் ப்லெயுமோனை மூலவடிவமாகவும் ப்நெயுமோனை மக்கள் வழக்கில் திரிந்த வடிவமாகவும் எடுத்துக்கொள்கின்றன. நுரையீரலின் பழைய பெயருக்குப் பொருள் மூச்சு உறுப்பு இல்லை, மிதக்கும் உறுப்பு.

அகராதியில் படித்ததைக் கண்ணால் பார்த்துவிட நினைத்து எங்கள் தெருக் கறிக்கடைக்குப் போனேன். ஆட்டு நுரையீரலையும் ஈரலையும் ஒரு வாளித் தண்ணீரில் போடச் சொல்லிக் கேட்டேன். கடைக்காரர் ஒருகணம் என் முகத்தைப் பார்த்துவிட்டு இரண்டையும் போட்டார். ஈரல் நேராக அடிக்குப் போயிற்று. நுரையீரல் இளஞ்சிவப்பாக மேலே நின்றது. விரலால் அமுக்கி விட்டார், மறுபடியும் மேலே வந்தது.

"எப்பவுமே மிதக்குமா பாய்?"

"மிதக்காம என்ன சார், உள்ளே பூரா காத்துதானே. வெட்டுனா நுரை நுரையா வரும் பாருங்க."

வெட்டிக் காட்டினார். கத்தி போன வழியெல்லாம் சின்னச் சின்னக் குமிழ்கள். தமிழில் இதற்கு நுரையீரல் என்று பெயரிட்டவர்களும் இப்படி ஒரு வெட்டுவாயைப் பார்த்துத்தான் பெயரிட்டிருக்க வேண்டும். ஆங்கிலக் கசாப்புக்காரர்கள் நுரையீரலை 'லைட்ஸ்' என்பார்கள், லேசானவை என்ற பொருளில். 'லங்' என்ற சொல்லின் வேரும் லேசு என்பதுதான். ரஷ்ய மொழியிலும் நுரையீரலின் பெயருக்கு லேசானவை என்றே பொருள். வேட்டையாடியவர்களும் பலியிட்டவர்களும் சமைத்தவர்களும் உறுப்புகளுக்குப் பெயர் வைத்த காலத்துப் பெயர்கள் இவை. மூச்சு எங்கே போகிறது என்று யோசித்தவர்கள் வந்தது பிற்பாடு.

இந்த மிதப்பை நீதிமன்றமும் பயன்படுத்தியிருக்கிறது. 1681இல் ஜெர்மனியின் ட்ஸைட்ஸ் நகரில், பிறந்த குழந்தையைக் கொன்றதாக ஓர் இளம்பெண்மேல் வழக்கு. யோஹான்னஸ் ஷ்ரேயர் என்ற மருத்துவர் அந்தச் சிசுவின் நுரையீரலைத் தண்ணீரில் இட்டார். ஒருமுறையாவது மூச்சிழுத்த நுரையீரல் மிதக்கும், இழுக்காதது மூழ்கும் என்பது சோதனையின் அடிப்படை. அழுகும்போது உண்டாகும் வாயுவாலும் நுரையீரல் மிதக்கக்கூடும் என்பதால் இதை மட்டும் நம்பி முடிவு சொல்லக்கூடாது என்று இன்றைய தடயவியல் நூல்கள் எச்சரிக்கின்றன.

மிதப்புக்கு இன்னொரு பழைய சாட்சியும் உண்டு, எனக்கு மிகப் பிடித்தது. இன்றைய மார்சேய் நகரைச் சேர்ந்த பித்தியாஸ் என்ற மாலுமி, கிறிஸ்துவுக்கு முந்திய நான்காம் நூற்றாண்டின் இறுதிவாக்கில் பிரிட்டனைச் சுற்றி வடக்கே போய்வந்தார். அவர் எழுதிய நூல் அழிந்துவிட்டது. அவரைப் பொய்யர் என்று காட்டுவதற்காகவே ஸ்ட்ரேபோ எடுத்தாண்ட சில பகுதிகள் மிஞ்சின. துலே என்னும் வடகோடிக்கு அருகே நிலம், கடல், காற்று என்ற பிரிவே இல்லாமல் மூன்றும் கலந்து தொங்குவதாகவும், அது நடக்கவோ கப்பலோட்டவோ முடியாத, கடல் நுரையீரலைப்போன்ற ஒரு பொருள் என்றும் பித்தியாஸ் சொன்னாராம். குளிர்கடலில் உறையத் தொடங்கும் பனிக்கட்டித் தகடுகளைத்தான் அவர் கண்டார் என்று பலர் கருதுகிறார்கள். எனக்கு வேண்டியது அவர் கையாண்ட பெயர். மிதந்து ஏறி இறங்கும் ஒன்றைச் சொல்ல ஒரு கிரேக்க மாலுமிக்கு நாவில் வந்தது ப்லெயுமோன். மத்தியதரைக் கடலின் பெரிய ஜெல்லிமீன் ஒன்றுக்கு விலங்கியலார் வைத்திருக்கும் பெயரிலும் 'புல்மோ' இருக்கிறது.

காற்றுச் சொல்லாக இல்லாதது காற்றுச் சொல்லாக வேடம் கட்டியது இது ஒன்று மட்டுமில்லை. ஆர்ட்டரி என்ற தமனியின் பெயரும் அப்படித்தான். ஹெராக்ளீஸ் கதறிய அதே வரியில் நுரையீரலின் குழல்களுக்கு சோஃபக்ளீஸ் போட்ட சொல் 'ஆர்த்தீரியா'. முதலில் அது மூச்சுக்குழலின் பெயர். பிறகு இதயத்திலிருந்து கிளம்பும் குழாய்களுக்கும் அதையே வைத்தார்கள். இறந்த உடலில் அவை பெரும்பாலும் வெறுமையாக இருந்ததால், பிராக்ஸகோரஸும் அவருக்குப் பின் எராசிஸ்ட்ராட்டஸும் அவற்றில் ஓடுவது ப்நெயுமா என்றே கொண்டார்கள். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் கேலன் உயிருள்ள விலங்கின் தமனியை இரண்டு இடத்தில் நூலால் கட்டி, நடுவில் கீறிக் காட்டினார். உள்ளே இருந்தது இரத்தம். எனினும், 'ஆயெர்' என்ற காற்றைக் காத்து வைப்பதால் ஆர்த்தீரியா என்று சொல்லப்பட்ட விளக்கம் நூற்றாண்டுகளுக்கு ஓடியது. உயர்த்து, தொங்கவிடு என்ற பொருளுள்ள வினையோடு சேர்ப்பதே இன்றைய அகராதிகள் பலவற்றின் போக்கு. இரண்டு வகைக் குழல்களையும் பிரித்துச் சொல்ல, மூச்சுக்குழலைச் சொரசொரப்பான ஆர்த்தீரியா என்றார்கள். காலப்போக்கில் ஆர்த்தீரியா உதிர்ந்து அடைமொழி மட்டும் மிஞ்சியது. டிரக்கியா என்றால் சொரசொரப்பு, அவ்வளவுதான். கழுத்தின் முன்பக்கத்தைத் தொட்டால் வளையம் வளையமாக விரலில் படுவதே அதன் பொருள்.

'ஆயெர்' என்ற சொல்லுக்கும் பூர்வீகம் வேறு. ஹோமரிடம் அது மூடுபனி, மங்கல். தெய்வங்கள் தங்களுக்கு வேண்டியவனை எதிரி கண்ணிலிருந்து மறைக்க அவன்மேல் ஊற்றுவது. ஏரோப்ளேனும் பாஸ்டர் 1863இல் கொடுத்த ஏரோபிக், அனேரோபிக் என்ற பிரிவும் ஏறி நிற்பது அந்த மூடுபனியின் மேல்தான்.

தேடலில் கிடைத்தவற்றை ஒன்றாக வைத்துப் பார்க்கும்போது என் முடிவு இது. நியூமோ ஒரே முன்னொட்டு இல்லை, இரண்டு முன்னொட்டுகள். ஊதும் வேரிலிருந்து வந்த ஒன்றும், மிதக்கும் வேரிலிருந்து வந்த இன்னொன்றும். இரண்டு முறை அவை கலந்தன. முதல் கலப்பு ஏறத்தாழ 2,400 ஆண்டுகளுக்கு முன்போ அதற்கும் முன்போ கிரேக்கர் பேச்சில் நடந்தது. அதில் தவறென்று சொல்ல ஏதுமில்லை. கறிக்கடை பாய் சொன்னதுபோல, மிதப்பதற்குக் காரணமே உள்ளே இருக்கும் காற்று. மக்கள் ஒரு பெயரைத் தங்களுக்குப் புரிகிற பெயராக்கிக்கொண்டார்கள். இரண்டாம் கலப்பு 1803க்கும் 1874க்கும் இடையே படித்தவர்களின் பேனாவில், அசைகளைச் சுருக்கும் அவசரத்தில் நடந்தது. அது தவிர்த்திருக்கக்கூடியது.

இதனால் யாருக்கு என்ன நட்டம் என்று கேட்கலாம். நம் நாட்டில் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் சிலிக்கோசிஸ் இடம்பெற்றது. தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணையில் நியூமோகோனியோசிஸ் இடம்பெற்றது. கோலார் தங்கவயலின் ஆழ்சுரங்கங்களில் பாறை துளைத்து அந்தத் தூசியை விழுங்கியவர்களில் நம் வட ஆர்க்காட்டுக் குடும்பங்கள் எத்தனையோ. கல்குவாரிகளிலும் கல் அரைக்கும் ஆலைகளிலும் இன்றும் அந்தத் தூசி பறக்கிறது. நோயாளி கையில் வரும் சான்றிதழில் இருப்பது நியூமோகோனியோசிஸ் என்ற சொல். அதை அவருக்கு விளக்க வேண்டிய செவிலியரும் தொழிற்சங்கத்துக்காரரும் புரட்டும் அகராதி, 'காற்று; நுரையீரல்' என்று சொல்லிவிட்டு நின்றுகொள்கிறது. காற்றுத் தூசி நோய் என்று ஒருவர் புரிந்துகொண்டால் அது காற்றின் குற்றமாகிவிடுகிறது. நுரையீரலில் தூசி தங்கிய நோய் என்று புரிந்துகொண்டால் அந்தத் தூசி எங்கிருந்து வந்தது, யார் ஆலையில் பறந்தது என்ற கேள்வி உடனே எழும். ஸெங்கர் அந்த அசையை விடாமல் எழுதியபோது இந்தப் பொருள் தெளிவாக இருந்தது.

ஆகவே தமிழில் மருத்துவக் கலைச்சொல் தொகுப்பவர்களுக்கு ஒரு விண்ணப்பம். நியூமோ என்ற ஒரே பதிவை இரண்டாகப் பிரித்துவிடுங்கள். முதல் பதிவில் ப்நெயுமாவைப் போட்டு நியூமோதொராக்ஸ், நியூமோபெரிட்டோனியம், நியூமட்டூரியா ஆகியவற்றை அதன்கீழ் வையுங்கள். இரண்டாம் பதிவில் ப்நெயுமோனைப் போட்டு நியூமோனியா, நியூமோகாக்கஸ், நியூமோனெக்டமி, நியூமோகோனியோசிஸ் ஆகியவற்றை வையுங்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் அதை முதலில் அச்சேற்றியவர் பெயரையும் ஆண்டையும் பக்கத்தில் குறியுங்கள். அந்த அரைப்புள்ளியை எடுத்துவிடுங்கள்.